அணை உடையவில்லை

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்காகத் தொடங்கியதுதான், இப்போது தேர்வைவிட இதில்தான் நேரம் போகிறது. ஐரோப்பிய நாடு ஒவ்வொன்றுக்கும் வருட வாரியாக ஒரு நோட்டு போடுகிறேன். இடது பக்கம் நிகழ்வுகள், வலது பக்கம் இறப்புகள். இத்தாலியில் 1963க்கு வந்திருக்கிறேன்.

நிகழ்வுகளில் இதுவரை எழுதியவை: ஃபெலினியின் ‘எட்டரை’ படம் வெளியீடு. ஏப்ரல் 28 பொதுத்தேர்தல். மே 22 மிலான் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஜூன் 21 புதிய போப்பாக ஆறாம் பவுல் தேர்வு. ஜூன் 30 பலெர்மோ அருகே மாஃபியாவின் கார் குண்டுக்கு 7 பேர் பலி. ஜூலையில் கென்னடி வருகை. அக்டோபர் 9 இயற்கைச் சீற்றத்தால் வயோந்த் அணை உடைந்து சுமார் 2,000 பேர் பலி. டிசம்பரில் அல்தோ மோரோ பிரதமரானார். ஜூலியோ நத்தாவுக்கு வேதியியல் நோபல் பரிசு.

இறப்புகள்: பிப்ரவரி 6 கலைஞர் பியேரோ மன்சோனி. பிப்ரவரி 18 எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ. ஜூன் 3 போப் 23ஆம் யோவான்.

என் கேள்விகள்: வருட வாரியாக வரலாறு படிப்பது சரியான முறையா? இறப்புகள் பக்கம் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, யாரைச் சேர்க்கலாம், அதற்கு என்ன அளவுகோல்? ஃபெலினி படத்தை அவசியம் பார்க்க வேண்டுமா?

அன்புடன்,
ர., தென்காசி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது வயோந்தைப் பற்றித்தான் ஒரு கட்டுரைக்காகப் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் முன்னால் வந்த கடிதங்களை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

வேலைக்காகப் படிக்கிற நேரத்தில் ஒரு பையன் யாரும் கேட்காமலே இத்தாலியின் ஒரு வருடத்தைக் கையால் எழுதி வைக்கிறான் என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. இதையெல்லாம் எதற்குப் படிக்கிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். நோட்டை நிறுத்தாதீர்கள். ஃபெலினி படத்தைப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடுங்கள், அதைப் பற்றி உலகம் முழுக்க ஆளாளுக்கு எழுதியாயிற்று. கென்னடி வருகையை அடித்துவிடலாம். அந்த இடத்தில் ஜனவரி 9ஆம் தேதிச் சட்டத்தை எழுதுங்கள், கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக ஒரு பெண்ணை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று இத்தாலி அன்றுதான் சொன்னது. சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 9ஆம் தேதிச் சட்டம் நீதிபதி பதவி உட்பட எல்லா அரசுப் பதவிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. இந்த இரண்டும் உங்கள் பட்டியலில் இல்லை, கென்னடி கைகாட்டியது இருக்கிறது.

இப்போது உங்கள் அக்டோபர் 9க்கு வருகிறேன். கோபத்தோடுதான் வருகிறேன்.

அணை உடையவில்லை, தம்பி. அன்றும் உடையவில்லை, அதற்குப் பிறகும் உடையவில்லை, இன்றைக்கும் அதே இடுக்கில் நிற்கிறது. 261.6 மீட்டர் உயரம், அடிக் கணக்கில் 860ஐ ஒட்டி வரும், கட்டிய காலத்தில் உலகின் மிக உயரமான அணைகளில் ஒன்று. அவ்வளவு தண்ணீர் அதன் தலைமேல் ஏறிக் குதித்த பிறகும் உச்சியில் கொஞ்சம் சேதம், அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கிறீர்களா? அணை உடைந்தது என்று எழுதினால் படிக்கிறவர் சிமெண்ட் சரியில்லை, கட்டினவன் திருடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இயற்கைச் சீற்றம் என்று எழுதினால் யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடும். நீங்கள் இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நடந்தது இரண்டும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வெனிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சாதே என்ற தனியார் மின் நிறுவனம், பியாவே ஆற்றில் வந்து சேரும் வயோந்த் என்ற சிற்றாற்றின் குறுக்கே இந்த அணையைக் கட்டியது. நீர்த்தேக்கத்தின் தென்கரை முழுக்கத் தோக் என்ற மலை. அந்த மலை நகரும் என்று எர்தோ, காஸ்ஸோ ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அவர்கள் சொன்னதை விடுங்கள், 1959 மார்ச்சில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே நிறுவனத்தின் பொந்தெசேய் நீர்த்தேக்கத்துக்குள் 30 லட்சம் கனமீட்டர் மண் சரிந்து, எழுந்த அலையில் ஒரு காவலாளி செத்தார். அதன் பிறகுதான் தோக்கை ஒழுங்காக ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களில் ஒருவர் எதுவார்தோ செமென்சா, அணையை வடிவமைத்த பொறியாளர் கார்லோ செமென்சாவின் மகன். மலைச்சரிவே ஒரு ஆதிகால மண்சரிவின் மிச்சம் என்று அப்பா கட்டிய அணைக்கு எதிராக மகன் அறிக்கை எழுதினார். 1960 நவம்பர் 4 அன்று 7 லட்சம் கனமீட்டர் நீருக்குள் விழுந்தது. மேலே மலையில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆங்கில எம் எழுத்தைப் போல ஒரு பிளவு வாய் திறந்தது. ஆஸ்திரிய நிபுணர் லியோபோல்ட் முல்லர் 1961இல் கணக்குப் போட்டு, நகர்வது 20 கோடி கனமீட்டர் என்று சொல்லிவிட்டார். விழுந்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 27 கோடி. இரண்டரை வருடத்துக்கு முன்பே கிட்டத்தட்ட அளவு உட்படத் தெரிந்த ஒன்றை நாம் சீற்றம் என்கிறோம்.

தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. ஒரு மாற்றுச் சுரங்கம் வெட்டினார்கள், மலை விழுந்து தேக்கத்தை இரண்டாகப் பிரித்தாலும் தண்ணீர் போக வழி இருக்கட்டும் என்று. அதாவது மலை விழும் என்று ஒத்துக்கொண்டு அதற்குத் தோதாக வேலை செய்தார்கள். 200இல் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரித் தேக்கம் கட்டி, மலைக்குப் பதிலாக ஜல்லியைச் சரியவிட்டுப் பார்த்துவிட்டு, நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டரில் இருக்கும்வரை ஆபத்தில்லை என்று 1962இல் முடிவு எழுதினார்கள். பாறை ஒரே பாளமாக வரும்போது ஜல்லியைப் போல வராது. சரி, அந்த 700 மீட்டரையாவது மதித்தார்களா என்றால், 1963 செப்டம்பரில் நீர்மட்டம் 710. இதற்கிடையே மின் துறையை அரசுடைமையாக்கும் சட்டம் 1962 டிசம்பரில் வந்து, அணை எனெல் என்ற அரசு நிறுவனத்துக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. அந்தக் கைமாற்றத்தின் நடுவிலும் நிரப்பிப் பார்க்கும் வேலை நிற்கவில்லை. கடைசி நாட்களில் மலை தினம் 20 சென்டிமீட்டர் நகர்ந்தது. மரங்கள் சாய்ந்தன, சாலையில் விரிசல். அக்டோபர் 8 அன்று தோக் சரிவில் இருந்தவர்களை வெளியேறச் சொல்லி எர்தோவில் அறிவிப்பு ஒட்டினார்கள். அணைக்குக் கீழே பியாவே பள்ளத்தாக்கில் இருந்த லொங்கரோனேக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

கால்பந்து உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், மிலான் வென்ற கோப்பையை விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதே போட்டியின் அடுத்த பருவத்து ஆட்டம்தான் அன்று ராத்திரி, ரியல் மாட்ரிட்டுக்கும் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கும். வீட்டில் டிவி இல்லாதவர்கள் மேலே உள்ள சின்ன ஊர்களிலிருந்து ஆட்டம் பார்க்க லொங்கரோனேயின் மதுக்கடைகளுக்கு இறங்கி வந்திருந்தார்கள். 10 மணி 39 நிமிடத்துக்கு மலை விழுந்தது. 2.5 கோடி கனமீட்டர் அளவுக்குத் தண்ணீர் அணையைத் தாண்டியது. நாலு நிமிடத்தில் கீழே. தண்ணீருக்கு முன்னால் காற்று வந்தது, அந்தக் காற்றே உடம்பிலிருந்த துணிகளைப் பிய்த்துக்கொண்டு போனது. பிராகோ என்ற பகுதியில் ஒரு கோயில் மணிக்கூண்டும் ஒரு வீடும் நின்றன. லொங்கரோனேயில் மட்டும் 1,450 பேர். கொதிஸ்ஸாகோ, கஸ்தெல்லாவாத்சோ இரண்டிலும் சேர்த்து 109. எர்தோ, காஸ்ஸோ 158. வெளியூர்க்காரர்கள் 200. கூட்டிப் பாருங்கள், 1,917 வரும். சுமார் 2,000 என்று எழுதுகிறபோது நீங்கள் சேர்த்துவிடுகிற அந்த 83 பேர் யாரும் இல்லை, தம்பி. இருந்தவர்கள் 1,917 பேர்.

இயற்கைச் சீற்றம் என்ற வார்த்தையை நீங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளில் தீனோ புத்சாத்தியே அப்படித்தான் எழுதினார். அவர் லொங்கரோனே இருக்கிற அதே பெல்லூனோ மாவட்டத்து மண்ணில் பிறந்தவர், இத்தாலியின் பெரிய எழுத்தாளர். நிறைந்த தம்ளரில் ஒரு கல் விழுந்து மேசைவிரிப்பில் தண்ணீர் சிந்திவிட்டது, தம்ளர் நன்றாகத்தான் செய்யப்பட்டிருந்தது, அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது என்கிற ரீதியில் ஒரு கட்டுரை. நல்ல உரைநடை, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் கல் மூன்று வருடத்துக்கு மேலாகத் தம்ளரின் விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது என்பதையும், அதைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார்கள் என்பதையும் அந்த அழகான உவமை மறைத்துவிட்டது. குற்றம் சொன்னவர்களைப் பிணந்தின்னி நரிகள் என்று வைதார்கள்.

அப்படி வசை வாங்கியவர்களில் ஒருத்தி தீனா மெர்லின். இவளைப் பற்றி எழுதத்தான் நான் அந்தக் குறிப்புகளை எடுத்தேன். 1926இல் திரிகியானாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், சின்ன வயதில் மிலானுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், போரின்போது நாஜிகளை எதிர்த்த மலைப் போராளிகளுக்குத் தகவல் கொண்டுபோனவள். பிறகு கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான லூனித்தாவுக்குப் பெல்லூனோ நிருபர். நிலத்தைப் பறிகொடுத்த எர்தோ விவசாயிகள் சொன்னதைக் கேட்டு, மலை ஆபத்தில் இருக்கிறது, நிறுவனம் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது என்று 1959 மே மாதமே எழுதினாள். பொது அமைதியைக் குலைக்கும் பொய்ச் செய்தி பரப்பினாள் என்று வழக்குப் போட்டார்கள். மிலான் நீதிமன்றம் 1960 நவம்பர் 30 அன்று விடுதலை செய்தது, அவள் எழுதியதில் பொய் இல்லை என்று. தீர்ப்புக்கு 26 நாள் முன்னால்தான் அந்த 7 லட்சம் கனமீட்டர் விழுந்திருந்தது. ஒரு நீதிமன்றமே அவள் எழுதியது பொய்யில்லை என்று சொன்ன பிறகும், இன்னும் மூன்று வருடம் தண்ணீரை ஏற்றி இறக்கி விளையாடினார்கள்.

எனக்கு அந்த இடம் நேரில் தெரியும். என் மகள் பதுவாவில் படித்துக்கொண்டிருந்தாள், அந்தோணியாரால் நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த அதே பதுவா. அவளைப் பார்க்கப் போனபோது அங்கிருந்து ரயில் பிடித்து லொங்கரோனேக்குப் போனோம். ஊர் புதிது, எல்லாம் அதற்குப் பிறகு கட்டியவை, தேவாலயமும் கான்கிரீட். ஊரில் நின்று கிழக்கே பார்த்தால் மலை இடுக்கில் சாம்பல் நிறத்தில் அணை தெரிகிறது. அந்த ஊர்க்காரர்கள் காலையில் கதவைத் திறந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். மேலே ஏறிப் போனால் அணைக்குப் பின்னால் ஏரி இல்லை. விழுந்த மலை கிடக்கிறது, அணையைவிட உயரமாக, அதன்மேல் மரம் வளர்ந்து, சாலை போகிறது. எதிரே தோக்கின் பக்கத்தில் சாய்ந்த ஒரு பாறைத்தளம், தோலை உரித்தது மாதிரி வெளிறிப் போய்.

ஃபோர்தோனியா என்ற இடத்தில் கல்லறைத் தோட்டம். 1,500 உடல்களுக்கும் குறைவாகத்தான் கிடைத்தன, அவற்றில் பாதியைத்தான் அடையாளம் காண முடிந்தது. முதலில் உறவினர்கள் அவரவர் வசதிப்படி சிலுவை, படம், பூச்சாடி என்று வைத்திருந்தார்கள். 2003இல் அதையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரே அளவில் 1,910 வெள்ளைப் பளிங்குக் கற்களை வரிசையாக நட்டு நினைவிடமாக மாற்றினார்கள். பார்ப்பதற்கு மிக ஒழுங்காக இருக்கிறது. அங்கே ஒரு முதியவர் தனியாக நின்றுகொண்டிருந்தார், என் மகள்தான் பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை வைத்துப் பிழைத்தவர்கள், இவரும் சின்னப் பையனாக அப்பாவோடு அங்கே போயிருந்திருக்கிறார், அம்மாவும் தங்கையும் ஊரில். இந்தக் கல்லுக்குக் கீழே அம்மா இல்லை, எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், கல் வேறு இடத்தில் இருக்கிறது என்றார். பிறகு பையிலிருந்து ஒரு கைக்குட்டை மடிப்பை எடுத்துப் பிரித்தார். பழைய கல்லறையில் பதித்திருந்த பீங்கான் படம், முட்டை வடிவம், ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. வாரிச் சீவிய தலைமுடி, கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை, முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். மகன் அவளைவிட இரண்டு மடங்குக்கு மேல் வயதானவராக அதைக் கையில் வைத்திருந்தார். என் மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள், நானும் கேட்கவில்லை.

இறப்புகள் பக்கத்துக்கு என்ன அளவுகோல் என்று கேட்டீர்கள் அல்லவா. உங்கள் நோட்டில் மன்சோனிக்குப் பெயர் இருக்கிறது, ஃபெனோலியோவுக்கு இருக்கிறது, போப்புக்கு இருக்கிறது, அவர்கள் வலது பக்கம். எனக்கு மூன்று பேர்மேலும் மரியாதை உண்டு. அதிலும் ஃபெனோலியோ நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோயில் போனது இன்றும் வலிக்கிற இழப்பு, 23ஆம் யோவான் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை, சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் உலக சமாதானத்துக்காகச் சுற்றுமடல் எழுதியவர். ஆனால் இந்த 1,917 பேர் வலது பக்கத்தில் இல்லை. இடது பக்கத்தில், நிகழ்வுகளில், ஒரு எண்ணாக இருக்கிறார்கள். அவர்கள் செத்தது இறப்பில் சேரவில்லை, நிகழ்வில் சேர்ந்துவிட்டது. நீங்கள் மட்டும் இல்லை, ஆண்டுக்குறிப்பு தயாரிக்கிற எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்.

இப்படிப் போடுவதால் யாருக்கு லாபம் என்று கேட்டால், காசுக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. அப்போது பிரதமராக இருந்த ஜொவான்னி லியோனே இடிபாட்டுக்கு வந்து நீதி கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். பதவி போன பிறகு அவரே மின் நிறுவனத் தரப்பு வழக்கறிஞர் குழுவுக்குத் தலைமை தாங்கினார், பிற்பாடு குடியரசுத் தலைவரும் ஆனார். இழப்பீட்டைக் குறைக்க அந்தத் தரப்பு பிடித்த சட்டப்பிடியைக் கேளுங்கள். ஒரு வீட்டில் தாத்தாவும் அப்பாவும் சேர்ந்து போய்விட்டார்கள் என்று வையுங்கள். தாத்தாவுக்குரியது அப்பாவுக்கு வந்து, அப்பாவழியாக உயிரோடு இருக்கிற உறவுக்கு வரவேண்டும் என்றால், தாத்தா ஒரு நொடியாவது முன்னால் செத்திருக்க வேண்டும். யார் முதலில் என்று நிரூபிக்க முடியாவிட்டால் எல்லோரும் ஒரே கணத்தில் இறந்ததாகக் கொள்வது இத்தாலியச் சட்டம், அப்போது ஒருவருக்கு ஒருவர் வாரிசு இல்லை. அந்த ராத்திரியில் எந்த வீட்டில் யார் முதலில் மூச்சை விட்டார் என்று யாரால் சொல்ல முடியும்? தனித்தனிச் சாவுகளை ஒரே நிகழ்வாக ஆக்கியதில் பணம் மிச்சமாயிற்று. இதைப் படித்த நாளிலிருந்து எந்த ஆண்டுக்குறிப்பைப் பார்த்தாலும் எனக்கு அந்த வழக்குத்தான் ஞாபகம் வருகிறது.

குற்றவியல் வழக்கையும் பெல்லூனோவில் நடத்தவிடவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே லாக்விலாவுக்கு மாற்றினார்கள், 1968 நவம்பரில் அங்கே தொடங்கியது. சாட்சி சொல்ல அந்த மலைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட பொறியாளர்களில் மாரியோ பன்சீனி விசாரணை தொடங்கும் தறுவாயில் தற்கொலை செய்துகொண்டார், பாவம், அந்தக் கூட்டத்தில் மனசாட்சி உறுத்திய ஆள் அவர் என்றுதான் எனக்குப் படுகிறது. இறுதித் தீர்ப்பு 1971 மார்ச்சில், காலாவதிக் கெடு முடிய இரண்டே வாரம் இருக்கும்போது. தண்டனை இரண்டு பேருக்கு. அணைக்குப் பொறுப்பாக இருந்த அல்பெரிகோ பியாதேனேக்கு ஐந்து வருடம், அதிலும் மூன்று வருடம் தள்ளுபடி.

ஆக, வருட வாரியாகப் படிப்பது சரியா என்றால், படிக்கலாம், ஆனால் ஒரு சாவை அது நடந்த தேதியில் மட்டும் எழுதி வைத்தால் கொன்றவர்கள் வேறு பக்கங்களில் ஒளிந்துகொள்கிறார்கள். உங்கள் நோட்டில் 1959ஐ எடுங்கள், மார்ச்சில் பொந்தெசேய், மே மாதம் தீனா மெர்லினின் கட்டுரை. 1960இல் நவம்பர் 4, நவம்பர் 30 இரண்டையும் எழுதுங்கள். 1961இல் முல்லரின் 20 கோடி. 1962இல் ஜல்லிச் சோதனையும் 700 மீட்டரும். 1971இல் தீர்ப்பு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் 1963ஐப் பார்க்க என்று குறியுங்கள். 1963இல் அந்தப் பழைய வரியை நன்றாக அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: அக்டோபர் 9 இரவு 10.39, நகர்கிறது என்று தெரிந்த தோக் மலை, நிரப்பக் கூடாத அளவுக்கு நிரப்பிய வயோந்த் தேக்கத்தில் விழுந்து, அணையைத் தாண்டிய தண்ணீரில் 1,917 பேர் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டார்கள் என்றே எழுதுங்கள். தேர்வில் மார்க் போட மாட்டார்கள் என்றால் தேர்வுக்கு வேறு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் காலி என்றீர்கள். அந்த 1,917ஐ அங்கேயும் எழுதுங்கள், ஊர் வாரியாக, நான் மேலே கொடுத்த கணக்கில். அப்புறம் நோட்டு 1991க்கு வரும்போது மறந்துவிடாதீர்கள். இறப்புகள், டிசம்பர் 22, தீனா மெர்லின், பத்திரிகையாளர், 65 வயது.

அன்புடன்,
அக்கா